கனிக்கு வேறு வேலை இருக்கிறது

ஜூன் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில் நான் யானை மேல் ஏறி நிலாவுக்குப் போய்வந்தேன். ஸ்டுடியோவில் கலர் மங்கி வீணாய்ப்போன பிள்ளைகள் கதைப் புத்தகம் ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, அதில் இருந்த சின்னப்பிள்ளை முகத்தின் மேலெல்லாம் என்னுடைய பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் நான்தான். கவுன் போட்டிருக்கிறேன். எடுப்பாகத்தான் இருக்கிறது.

அந்தோணி அண்ணாச்சி ஸ்டுடியோவில் எனக்கு லேமினேஷன் போடுகிற வேலை, ஆல்பம் ஒட்டுகிற வேலை. அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும். இப்போது கல்யாண ஆல்பத்தைவிட இந்தப் புத்தகம்தான் ஓடுகிறது. கதை கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். எந்தப் பிள்ளைக்கு வேண்டுமோ அந்தப் பிள்ளையின் பேரையும் முகத்தையும் போட்டு, அப்பா, அம்மா, தாத்தா முகங்களையும் சேர்த்து அண்ணாச்சி அடித்துக் கொடுப்பார். இன்றைக்கு ஒரு வாண்டு வந்து தன் புத்தகத்தை விரித்து, படத்தின் மேல் விரலை வைத்து "நான்" என்றது. அடுத்த பக்கம், "எங்கம்மா." அதற்கடுத்தது, "எங்கப்பா." அப்பா துபாயில். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்தே ஆள் அங்கேதானாம். அது அப்பா படத்தை ஒரு நக்கு நக்கியது. நான் போட்ட லேமினேஷன், ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். வருகிற இருபத்தெட்டாம் தேதி வந்தால் என் பெரிய தம்பி பலவேசத்தை வெட்டி ஒரு வருஷம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வாசலில், கையில் கிளாஸ் இருக்கும்போதே வெட்டினார்கள். டீ பாதி மிச்சம். வெட்டியவன் வடக்குத் தெரு வண்டிமலை. இப்போது ஜாமீனில் வந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அலைகிறான்.

வீட்டில் இப்போது நான், பலவேசம் பெண்டாட்டி உலகம்மாள், அவள் மகள் கனிஷ்கா, என் சின்னத் தம்பி ஐகோர்ட்துரை. சாமி பேர். பேர்தான் ஐகோர்ட்டு, வாய்தாவுக்கு அலைவதெல்லாம் கீழ்க்கோர்ட்டு. என் வீட்டுக்காரர் பம்பாய்க்கு இட்லி விற்கப் போனவர். இன்னும் விற்றுத் தீரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. எங்கள் கனி, ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு, டிபன் பாக்ஸ் மூடியால் ஒரு பையன் நெற்றியைப் பிளந்துவிட்டாள். தையல் போட்டிருக்கிறார்கள். பையன் பேர் சர்வேஷ். வண்டிமலை மகன்.

"ஏட்டி, எதுக்குட்டி அவன அடிச்ச?"

"அவங்கப்பன் எங்கப்பாவ வெட்டுனாம்லா."

"அது அவங்கப்பன். இவன் ஒன்ன என்ன செஞ்சான்?"

"பென்சில் கேட்டான்."

"அதுக்கு அடிக்கதா?"

"சித்தப்பாதான் சொன்னாரு, அடிச்சுப் பழகிக்கிடணும்னு."

மூடியின் ஓரம் நெளிந்திருந்தது. அம்மிக் குழவியால் தட்டி நிமிர்த்தினேன். நிமிரவில்லை. ரத்தத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன், அது போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு

ஐகோர்ட்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். அவன் உள்ளே நுழைந்தாலே அந்தோணி அண்ணாச்சிக்கு ஒண்ணுக்கு வந்துவிடும். இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் பேசினார்.

"அண்ணாச்சி, பிள்ளையளுக்கு புக்கு போடுதியள்லா. எங்க கனிக்கி ஒண்ணு போடணும். அண்ணனுக்கு வருசம் வருதுல்லா, அன்னைக்கி சபையில வச்சு வாசிக்கணும் அவ."

"போட்டுருவோம் தம்பி. யானைக் கதை இருக்கு, மீன் கதை இருக்கு..."

"கத நான் சொல்லுதேன்."

சொன்னான். முதல் பக்கம், கனி பிறக்கிறாள். இரண்டாவது, அப்பா தூக்கிக் கொஞ்சுகிறார். மூன்றாவது, வண்டிமலை அப்பாவை வெட்டுகிறான். நாலாவது, சித்தப்பா கனிக்கு அரிவாள் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். கடைசிப் பக்கம், கனி பெரியவளாகிறாள். கையில் அரிவாள், கீழே தலை.

"பொம்பளப் புள்ளைக்கா?" என்றார் அண்ணாச்சி.

"அண்ணன் பெத்தது அது ஒண்ணுதான. அந்த வீட்டுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு அவளுக்குத் தெரியாண்டாமா?"

"ஏலே, கதைல யானையே கெடையாதா?" என்று நான் கேட்டேன்.

"யக்கா, சும்மா இரி."

"நடுவுல ஒரு முயலாவது விடச் சொல்லுல. பிள்ளைக்கிப் போரடிக்கும்."

அவன் சிரிக்கவில்லை. சின்னதில் நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற பயல். வண்டிமலை முகத்துக்கு எங்கே போவது என்ற கஷ்டமும் இல்லை. ஊருக்கு ஒரே ஸ்டுடியோ, அவன் கல்யாண ஆல்பம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. மாலையோடு சிரிக்கிறான். அந்தத் தலையை எடுத்து ஒட்டச் சொன்னான்.

போகும்போது, "ரத்தம் நல்ல செவப்பா இருக்கணும் அண்ணாச்சி. ரோஸ் அடிக்கப்பிடாது" என்றான்.

ஜூன் 12, புதன்

புறவாசலில் நாலைந்து வாழைத்தண்டை நட்டு வைத்து ஐகோர்ட்டு கனிக்குக் கற்றுக் கொடுக்கிறான். புல்லறுக்கிற சின்ன அரிவாள். வாழைத்தண்டு என்பது கழுத்து மாதிரியே இறங்குமாம். "மணிக்கட்டு வளையாண்டாம், தோள்ல இருந்து வரணும்" என்றான். அவள் ஓங்கிப் போட்டாள். சதக். தண்ணீர் பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது. நாக்கை நீட்டி நக்கிவிட்டுச் சிரித்தாள்.

"பொரியலுக்கு ஆச்சு, போதும், இன்னும் பொடிசா நறுக்கு" என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

உலகம்மாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி அரிசி மாவாகிற வரைக்கும் கழுவினாள். புருசன் செத்ததிலிருந்து அவள் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டியில் அடக்கிவிடலாம். இன்றைக்குப் பேசினாள்.

"மதினி, எம்புருசன அவனுவ தூக்கிட்டுப் போயிட்டானுவ. எம்பிள்ளைய இவன் தூக்கிட்டுப் போறான்."

"எங்க போயிருவான், புறவாசலுக்குத்தான..."

"வெளயாடாதீய மதினி. எனக்கு எம்பிள்ள வேணும். எப்படியாச்சும் வாங்கிக் குடுங்க."

சரி என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ராத்திரிக்கு வாழைத்தண்டுப் பொரியல். நன்றாக வந்திருந்தது. நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

நேற்று ஐகோர்ட்டு வந்து அடித்த தாள்களைப் பார்த்து, "சரி" என்றுவிட்டுப் போனான். இனி லேமினேஷன் போட்டுத் தைத்து அட்டை போடுவது என் பாடு. தாள்களை மேசையில் பரப்பியிருந்தேன்.

அப்போது வண்டிமலை பெண்டாட்டி வந்தாள், மகனோடு. பள்ளிக்கூட அட்டைக்குப் போட்டோ. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊரில் வேறு ஸ்டுடியோ இல்லாததால் உள்ளே வந்தாள். பையன் நெற்றியில் பிளாஸ்திரி.

"என்னடே, கல்யாண மாப்பிள்ள, முடிய இறக்கிச் சீவிக்கோ, தையல் தெரியாது" என்றேன். அவன் இளித்தான். அவன் அம்மா இளிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் சீப்பு எடுத்த நேரத்தில் பையன் மேசைக்கு வந்துவிட்டான். மூன்றாம் பக்கத்துத் தாள் மேல் விரலை வைத்தான். கல்யாண மாலையோடு சிரித்த அதே சிரிப்போடு, கையில் ரத்தம் சொட்டுகிற அரிவாளோடு இருக்கிற முகத்தின் மேல்.

"எங்கப்பா" என்றான்.

எல்லாப் பிள்ளையும் சொல்கிற மாதிரியேதான் சொன்னான். சந்தோஷமாக. அடுத்த பக்கம் பார்க்கக் கையை நீட்டினான். கடைசித் தாளில் அதே தலைதான் தரையில் கிடக்கிறது. நான் அதன் மேல் என் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கி வைத்தேன். குழம்பு சிந்தியது.

அவன் அம்மா பார்த்துவிட்டாள். பையனை ஒரே இழுப்பாக இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் இதப் பாக்கல. அவுகட்ட சொல்லவும் மாட்டேன். சொன்னா நாளைக்கே கெளம்பிருவாக."

"போட்டோ எடுக்கலியா?"

"வேண்டாம்க்கா."

போய்விட்டாள். தாளெல்லாம் குழம்பு. புளிக்குழம்பு துடைத்தாலும் போகாது.

ஜூன் 17, திங்கள்

"வேற கத போடணும் அண்ணாச்சி. அட்டை மட்டும் அதே அட்டை."

"ஏ தாயி, ஒந்தம்பி என் கைய எடுத்துருவான்."

"எடுத்தா ஒட்டி லேமினேஷன் போட்டுத் தாரேன். சுருக்கமே விழாது."

மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். என் தமிழில் ஒற்று விட்டுப்போன இடத்திலெல்லாம் அவர் போட்டுக்கொண்டார். கதை எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, உள்ளதைச் சொன்னால் போதும். படம்தான் கஷ்டம். பலவேசம் முகம் என்று எங்களிடம் இருப்பதெல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற பேனர் போட்டோ. அதைப் பார்த்தால் பெற்ற மகளே பயப்படுவாள். அதனால் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் தேடினோம். பாயசம் வழிய வழியச் சாப்பிடுகிறான். பந்தியில் தூங்குகிறான். ஒரு படத்தில் வாய் முழுதும் பல்லாகச் சிரிக்கிறான். அது வண்டிமலை கல்யாணத்தில் எடுத்தது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது அப்படித்தான் திரிந்தார்கள், ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு. பிறகு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைத்த பேனரில் யார் முகம் பெரிசு என்று ஆரம்பித்ததுதான் டீக்கடை வாசலில் முடிந்தது.

அந்தச் சிரிப்பு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. வண்டிமலையை வெட்டிவிட்டுப் பலவேசத்தை மட்டும் போட்டோம். கம்ப்யூட்டரில்தான்.

ஜூன் 21, வெள்ளி

நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சினேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 26, புதன்

என் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு. காலால் தள்ளினால் கணங் கணங் என்கிறது.

"ஏலே, என்ன இது?"

"வாழத்தார் வெட்டதுக்கு."

"நமக்கு வாழத் தோட்டம் எந்த ஊர்லல கெடக்கு?"

சாக்கை மறுபடி உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னான். வருஷ நாள் அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு வேலையாகப் போகிறார்களாம். பாத்திரம் கழுவ நான் ஆள் எதிர்பார்க்க வேண்டாமாம். கனியையும் வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவானாம், அவள் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

புத்தகத்தைத் தைத்து முடித்து அவன் கையில் கொடுத்தேன். பரிசுத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தேன். "சபையில பிரிக்கட்டும்" என்றேன். தலையாட்டினான்.

ஜூன் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கை நன்றாக இருக்கிறது.

வருஷ நாள் அன்றைக்குப் பந்தல், வாடகை நாற்காலி, வெள்ளைச் சட்டை போட்ட முப்பது நாற்பது பேர். அந்தோணி அண்ணாச்சி ஓட வசதியாகத் தெருப் பக்கம் நின்று வீடியோ எடுத்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கனி புதுக் கவுனில் நின்று ரிப்பனை அவிழ்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எல்லாரும் முன்னால் சாய்ந்துகொண்டார்கள்.

"கனி-யின் அப்பா பெயர் பல-வேசம். அப்பா-வுக்கு வாத்து என்றால் பயம்."

ஒருத்தன் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டான். உண்மைதானே. கீழத்தெரு வாத்து துரத்தி அவன் வேட்டியை விட்டுவிட்டு ஓடியதை ஊரே பார்த்தது.

"கனிக்கு இரட்டைச் சடை போட அப்பாவுக்குத் தெரி-யாது. ஒன்று மேலே இருக்கும். ஒன்று கீழே இருக்கும். கனி அப்ப-டியே பள்ளிக்கூடம் போவாள்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. ஐகோர்ட்டு எழுந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, கனியைத்தான் பார்த்தேன்.

"அப்பாவை ஒருவன் வெட்டிக் கொன்றான். கனி அழுதாள். அம்மா அழுதாள். அத்தை அழுதாள். சித்தப்பா அழ-வில்லை. பாவம் சித்தப்பா. கனி யாரை-யும் வெட்ட மாட்டாள். கனிக்கு வேறு வேலை இருக்-கிறது. ஏழாம் வாய்ப்பாடு இருக்கிறது. அம்மா-வுக்குப் பூக் கட்ட வேண்டும். அத்தை-யைக் கேலி செய்ய வேண்டும்."

பக்கத்தைத் திருப்பினாள். பலவேசம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். அவள் வாசிக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"அத்தே, அப்பா தோள்ல ஒரு கை இருக்கு. யாரு கை?"

வண்டிமலையின் முகத்தை வெட்டினோம், உடம்பை வெட்டினோம். கையை நானும் பார்க்கவில்லை, அண்ணாச்சியும் பார்க்கவில்லை. பாம்புத்தலை வைத்த செம்புக் காப்பு, பளபளவென்று. அந்தக் காப்பைப் பந்தலில் தெரியாதவர் கிடையாது. டீக்கடை வாசலில் அரிவாளைப் பிடித்திருந்த கையிலும் அதுதான் கிடந்தது.

ஐகோர்ட்டு அறைந்ததில் என் கடைவாய்ப் பல் ஒன்று வெளியே வந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான். பிறகு உள்ளே போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு, ஒரு அரிவாளையும் உருவிக்கொண்டு வந்தான். உலகம்மாள் வாசலை மறித்து நின்றாள். வயிற்றில் ஒரு உதை. அவள் அடுப்படியில் போய் விழுந்தாள். கனியிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் எறிந்து, ஓங்கினான். புத்தகத்தைத்தான் வெட்டப் போனான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கனி, "எங்கப்பா!" என்று ஓடிப்போய் அதன் மேல் இரண்டு கையையும் வைத்துவிட்டாள்.

என் கை அங்கே எப்படிப் போனது என்று தெரியவில்லை. கால் தடுக்கியிருக்கும்.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கல்லில் கிடந்தன. வலி கொஞ்சம் தாமதமாக வந்தது. முதலில், ரத்தம் கேட்ட மாதிரியே நல்ல சிவப்பாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. கனி கை முழுதும் என் ரத்தம். அவள் கை முழுசாக இருந்தது. விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. பிறகுதான் கத்தினேன்.

ஐகோர்ட்டு அரிவாளோடு அப்படியே நின்றான். கனி அவனைப் பார்த்துவிட்டு என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். பந்தலில் நாற்காலிகள் கவிழ்கிற சத்தம். அவன் கூட்டாளிகளில் மூத்தவன் சாக்கைக் காலால் தள்ளிவிட்டான்.

"கூடப் பொறந்த அக்காவ வெட்டிட்டான். பொடிப்பிள்ள கைய எடுக்கப் பாத்தான். இவன் பின்னால எவன்ல வருவான்? கெளம்புங்கல."

பைக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. பிரியாணி அண்டா அப்படியே இருந்தது.

ஜூலை 1, திங்கள்

போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்தது. ஐகோர்ட்டு வராந்தாவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். எங்கேயும் ஓடவில்லை. உலகம்மாள் என் காதில், "மதினி, மீன் வெட்டும்போது பட்டுட்டுன்னு சொல்லிருவமா?" என்றாள்.

"இந்த வெலவாசியில மீன் ஏது?" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். சாக்கைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அதையும் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே கிளம்ப இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன், நீட்டாக வந்தது.

ஜீப்பில் ஏற்றும்போது தம்பி திரும்பிப் பார்த்தான்.

"யக்கா, நீயாக்கா?"

"நாந்தாம்ல. உள்ள சப்பாத்தி போடுதாவளாம், ஒழுங்காத் தின்னு. மெலிஞ்சு வந்தே, பிச்சுப்புடுவேன்."

அழுதான். ஒரு வருஷமாக அழாதது மொத்தமும் சேர்ந்து வந்தது. போலீஸ்காரரே துண்டு கொடுத்தார். ஒரு தம்பியைப் போஸ்டரில் போட்டு லேமினேட் பண்ணியாயிற்று. இன்னொருவனுக்கு என்னிடம் ஷீட் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

புத்தகம் குறுக்கே பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, ரத்தமும் ஊறிவிட்டது. புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கனி மறுபடியும் கேட்டாள்.

"அந்தக் கை யாருதுன்னு சொல்லவே இல்லையே அத்தே."

பொய் சொல்ல வாய் திறந்தேன். பல் போன ஓட்டை வழியாகக் காற்றுதான் வந்தது.

"சர்வேஷு அப்பா. உங்கப்பாவும் அவனும் கூட்டாளியா இருந்தாவ. பொறவு சண்ட. பொறவு அவந்தான் வெட்டுனான். கோர்ட்டுல கேஸ் நடக்கு."

வெட்டுப்பட்ட புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ புதுப் புக்குல அந்தக் கைய எடுத்துருவாங்களா?"

"நீ சொல்லு. ஒம் புக்கு."

"எடுத்தா அப்பா சட்டையில ஓட்ட விழுந்துரும். இருக்கட்டும்." பிறகு, "சர்வேஷுக்குப் பென்சில் குடுத்தேன்" என்றாள்.

"நெசமாவா? எந்தங்கம்!"

"முனை இல்லாத பென்சில்."

உலகம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தம் மறந்தே போயிருந்தது, பூனையோ என்று பார்த்தேன். கனிக்கு இரட்டைச் சடை போட்டாள். இரண்டும் ஒரே உயரம். கனி அவிழ்த்துவிட்டு ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே போடச் சொன்னாள். அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.

ஜூலை 13, சனி

பள்ளிக்கூடம் லீவு. கனி என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். புதுப் புத்தகத்துக்கு லேமினேஷன் போட்டோம். எனக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது என்பதால் ஷீட்டை மிஷினுக்குள் விடுகிற பொறுப்பு அவளுக்கு. கோணாமல் விட்டாள். வாத்துப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள். அண்ணாச்சிக்கும் வாசித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவள், உலகம்மாள், நான், ஜெயிலில் இருக்கிற சித்தப்பா எல்லாரும் இருக்கிறோம். இந்தத் தடவை முயலும் உண்டு.

மத்தியானம் நான் கை கழுவப் போயிருந்தபோது மிஷின் சூடாகவே இருந்ததால், சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த அப்பளத்தைக் கனி லேமினேஷன் ஷீட்டுக்குள் வைத்து உள்ளே விட்டுவிட்டாள். நொறுங்கித்தான் வந்தது, ஆனால் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லை. ஓரத்தைச் சீராக வெட்டிக் கொடுத்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் மோரோடு சாப்பிட்டோம்.